மாதத்துக்கு ஒரு டெபாசிட்

குமரகுருவிடம் இருந்த பணம் ஒரே டெபாசிட்டில் அடங்கிவிடும். அவரோ அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, மாதத்துக்கு ஒன்று முடிகிற மாதிரி தென்காசியில் ஒரு சின்னக் கூட்டுறவு வங்கியில் போட்டு வைத்திருந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், விவரம் தெரியாத ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்தபின் குற்றாலத்து வீட்டில் அவரோடு பேச டிவி மட்டும்தான் மிச்சம். டெபாசிட் முடிந்தால் பஸ் ஏறலாம். பஸ் ஏறினால், காசாளர் மீனா, "வாங்க அண்ணாச்சி, சாப்ட்டியளா?" என்று கேட்பாள். அதற்காகத்தான் இத்தனை ரசீதும்.

ஃபேனுக்குக் கீழே அவருக்கென்று ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவாள் மீனா. கால் மணி நேர வேலையை மனிதர் மத்தியானம் வரை இழுப்பார். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

சாரல் தொடங்கிய ஒரு காலையில் போனால், வாசலில் கூட்டம். வங்கி நொடித்துவிட்டது, ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டுவிட்டது, பணம் எடுக்க முடியாது என்றார்கள். சுரண்டை வியாபாரி ஒருவர் தலையில் கைவைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மீனா தொண்டை கட்டக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டெபாசிட்டுக்கு அரசாங்க இன்சூரன்ஸ் இருக்கு. ஒரு ஆளுக்கு, அசலும் வட்டியும் சேர்த்து அஞ்சு லட்சம் வரைக்கும் வந்துரும். தொண்ணூறு நாளுக்குள்ள."

"எனக்கு அதுக்கு மேல கெடக்கே?" என்றார் வியாபாரி.

"மிச்சத்துக்கு இப்ப நான் ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணாச்சி."

குமரகுருவைப் பார்த்ததும் அவள் குரல் தணிந்தது. "எத்தனை ரசீது இருந்தாலும் ஒண்ணாச் சேர்த்துத்தான் கணக்கு. ஒங்களுக்கு எல்லாம் சேர்த்தே அஞ்சுக்குள்ளதான். ஒத்த ரூவா போகாது, பயப்படாதிய."

"அது கெடக்கட்டும். நீ என்ன செய்யப் போற?"

"தெரியல அண்ணாச்சி. சொந்த ஊரு சிவகிரிக்கே போயிர வேண்டியதுதான்."

பணம் போயிருந்தால்கூட அவர் இப்படிக் கலங்கியிருக்க மாட்டார்.

சொன்னபடியே பணம் வந்தது. தென்காசியிலேயே ஒரு பெரிய வங்கியில், அவருடைய பென்ஷன் கணக்கில் பைசா குறையாமல் ஏறியிருந்தது. சாரலும் அதற்குள் ஓய்ந்துவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் அவர் பஸ் ஏறவே இல்லை. சில நாள் வாயைத் திறக்காமலே படுத்துத் தூங்கினார்.

பெரிய வங்கியில் டோக்கன் எடுத்துக் காத்திருந்து உள்ளே போனார். யாசர் என்ற இளம் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினான்.

"மொத்தத்தையும் ஒரே டெபாசிட்டாப் போட்டுரலாம் சார். தானாவே புதுப்பிச்சுக்கும். நீங்க அலையவே வேண்டாம்."

"மாசத்துக்கு ஒண்ணு முடியுற மாதிரி பிரிச்சுப் போடுங்க தம்பி. தானா புதுப்பிக்கவும் வேண்டாம்."

"ஒவ்வொரு மாசமும் நீங்கல்லா வரணும்?"

"வாரேன்" என்றார் குமரகுரு. பிறகு, கொஞ்சம் தயங்கி, "நீங்க சாப்ட்டியளா?" என்று கேட்டார்.