வெயிலில் ஓடும் ஏசி

ஏசி நின்றுபோனபோது மணி பன்னிரண்டே கால். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், வெயிலில் ஓடுகிற ஏசிக்கு என்ன கேடு வந்தது? யுவராணி மகளிடம் ஓடினாள்.

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்கு அப்பால், வயலுக்கு நடுவே ஒற்றை வீடு. கரண்டுக் கம்பம் இன்னும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவள் மகள் சிநேகாவுக்கு இரண்டு வயது. பிறவியிலேயே உடம்பில் வியர்வை வராது. சூடு ஏறினால் இறங்க வழியில்லாமல் வலிப்பு வந்துவிடும். போன கோடையில் பிழைத்ததே பெரும்பாடு. இன்னொரு வலிப்பைப் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ராமநாதபுரத்துக் கடைக்காரர், சோலார் பேனலில் ஓடுகிற, பேட்டரி இல்லாத ஏசி ஒன்றை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தார். பேட்டரி வைத்ததே வேண்டும் என்று யுவராணி படித்துப் படித்துச் சொன்னாள். மாமனார் இருளாண்டி கேட்டால்தானே? "நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். இன்றோடு வாரம் முடிகிறது. எதை எடுப்பதென்று முடிவு சொல்ல, அவள் புருஷன் மாரீஸ்வரன் கடையில் உட்கார்ந்திருந்தான்.

பிள்ளையின் நெற்றி கொதித்தது. அழக்கூடத் தெம்பில்லை. ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, ஸ்பீக்கரில் அவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, ஏசி நின்னுபோச்சு. பிள்ளை துவண்டு கெடக்கா."

கடைக்காரரின் குரல் குறுக்கே வந்தது. "பேனல் மேல நிழல் விழுதான்னு பாருங்கம்மா."

பொட்டல் வெளியில் நிழலுக்கு எங்கே போவது? போனை அப்படியே வாசலில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்.

பேனலையே காணோம். அத்தனையும் குண்டு மிளகாய். உருண்டு விழாமலிருக்க, கீழ் விளிம்பில் சாக்கைச் சுருட்டி அணை வேறு கட்டியிருந்தார் இருளாண்டி. கண்ட இடமெல்லாம் மிளகாய் காயப்போடுகிற வெள்ளாமைச் சம்சாரி. தூசி தும்பு இல்லாத சூடான இடத்தைச் சும்மா விடுவாரா?

யுவராணி இரண்டு கையாலும் வாரி வாரிக் கீழே தள்ளினாள்.

"ஏத்தா, என்ன பண்ற? ஒரு வருசப் பாடு, மண்ணுல கொட்டுறியே" என்று முற்றத்திலிருந்து கத்தினார் இருளாண்டி.

"ஏசி நின்னுபோச்சு மாமா. மிளகாயப் போட்டு மூடிட்டீக. ஒங்க பேத்தி உள்ள வெந்துக்கிட்டிருக்கா."

அவர் மாடிப்படிக்கு ஓடினார். மேலே ஏறி வந்து, மறுபக்கத்திலிருந்து அவரும் தள்ளத் தொடங்கினார். கடைசி மிளகாயும் விழுந்த பிறகு, கீழே ஏசி உறுமும் சத்தம் கேட்டது.

இருவரும் இறங்கி ஓடி வந்தார்கள். அறை குளிர்ந்து, சிநேகா கண் திறப்பதற்குள் யுவராணிக்குப் பாதி உயிர் போய்விட்டது. அம்மாவைப் பார்த்ததும் பிள்ளை இரு கைகளையும் நீட்டியது. யுவராணி பாய்ந்து போனவள் பாதியில் நின்றாள். முழங்கை வரைக்கும் மிளகாய்க் காரம் தீயாய் எரிந்தது.

"நீங்க தூக்குங்க மாமா."

இருளாண்டி அதே காரம் எரிகிற தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் கிடந்த போனிலிருந்து மாரீஸ்வரன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

"அய்யா, என்னாச்சு? எதை எடுக்க?"

"ஏலே, பேட்டரி வச்சதையே எடு" என்றார் இருளாண்டி. "மேகம் மறைச்சாலும் ஓடணும். நான் மறைச்சாலும் ஓடணும்."

தூக்க ஆளில்லாமல் சிநேகா வீறிட்டு அழுதாள். கைகளை உடம்பில் படாமல் விரித்துப் பிடித்தபடி நின்ற யுவராணிக்கு, அந்த அழுகையை இன்னும் கேட்க வேண்டும்போல் இருந்தது.