சிதம்பரத்தில் வைத்தியம்

இருமினாலும் தும்மினாலும் மாலதி டீச்சருக்குச் சிறுநீர் கசிந்துவிடும். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தொடங்கியது. வகுப்பே சிரிக்கும்போதும் அவள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். கணவர் பழனிவேலிடம்கூடச் சொன்னதில்லை.

கடலூரிலேயே இதற்கென்று பெண் மருத்துவர் இருக்கிறார். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள் மாலதியிடம் படிக்கும் பிள்ளையின் தாய். நர்சுகளில் பாதிப் பேர் அவளுக்கு வணக்கம் சொல்கிறவர்கள். யாருக்கும் தன்னைத் தெரியாத ஆஸ்பத்திரி போதும் என்று முடிவு செய்தாள். கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினாள்.

அங்கே பெண்கள் பிரிவில் காத்திருந்தபோது, எதிர் வரிசையில் ஒரு பெண் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். இழுக்காமல் இருந்திருந்தால் மாலதி கவனித்திருக்க மாட்டாள். தில்லையம்மாள், மகள் இசைவாணியின் மாமியார். நெல்லிக்குப்பத்தில் இருப்பவர் கடலூரையும் தாண்டி வந்திருக்கிறார்.

"வாங்க சம்மந்தி. எங்க இவ்ளோ தூரம்?" என்றாள் மாலதி.

"தெரிஞ்சவங்க ஒருத்தவங்கள சேத்திருக்காங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க?"

"நானும் அப்படித்தான்."

இருவர் கையிலும் டோக்கன் இருந்தது. இருவரும் அதைப் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

அப்போதுதான் மாலதிக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வெளிர் மஞ்சள் புடவை. நனைந்தது அவளுக்கே தெரிந்தது. உள்ளேயிருந்து "மாலதி" என்று கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

தில்லையம்மாள் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"எழுந்திரிங்க சம்மந்தி. நான் பின்னாலயே ஒட்டி வரேன், யாருக்கும் தெரியாது."

அப்படியே நடந்தார்கள். மருத்துவர் அறை வாசலில் மாலதி திரும்பிப் பார்த்தபோது, தில்லையம்மாள் மறுபடி போய்த் தன் முந்தானையால் அந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கேயே செத்துவிடலாம்போல் இருந்தது அவளுக்கு.

மருத்துவர் சோதித்துவிட்டுச் சொன்னார்: "நெறைய பேருக்கு இருக்கறதுதாம்மா. மொதல்ல எக்சர்சைஸ் செய்ங்க. கேக்கலன்னா ஆபரேஷன். அடுத்த தடவ வீட்டுக்காரரயும் கூட்டிட்டு வாங்க. ஆமா, கடலூர்லயே பாக்கறாங்களே, அங்க போகக் கூடாதா?"

"அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும் டாக்டர்."

கதவருகே வந்து நின்ற தில்லையம்மாள் தலை குனிந்துகொண்டார். "எனக்கும் அதே தொந்தரவுதாம்மா, அதே காரணந்தான்," என்றார் மருத்துவரிடம் மெல்ல.

திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். கடலூரில் இறங்கும்போது தில்லையம்மாள், "இசைக்குத் தெரிய வேணாம்," என்றார். மாலதி தலையசைத்தாள்.

அன்று சாயங்காலம் சுவரைப் பார்த்துக்கொண்டு பழனிவேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் முடித்த பிறகுதான் அவர் பேசினார்.

"இத்தினி வருசமா எங்கிட்ட கூடவா சொல்ல முடியல?"

குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.