நாலாவது சாப்பாடு

1.

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. என் குரல் இப்போதெல்லாம் தூரம் போவதில்லை. வருஷக் கடைசி விடுமுறைக்கு வீடு வீடாகப் போய், வீட்டுக்கு வீடு தின்று, அலுத்து வந்திருப்பீர்கள். எனக்கும் அலுப்புதான். ஒரு கதை சொல்கிறேன். முழுசாக இருக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இது நான் கற்பனை செய்ததல்ல. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலி அம்மாள் தன் அண்ணன் மகளைப் பற்றிச் சொன்னது. முக்கியமான இடம் வந்தபோது அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கையாட்டலை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: "அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மேசை நிறைய…"

வேண்டாம். மேசையில் ஆரம்பித்தால் பண்டங்களின் பெயரைக் கேட்பீர்கள்.

இரண்டாவது: "எலும்பும் தோலுமாக இருந்த அவள்…"

இதையும் அடித்துவிட்டேன். அவள் உடம்பை ஊரே பார்த்தாயிற்று. நீங்களும் நானும் வேறு பார்க்க வேண்டாம்.

இப்படி வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு அவள் சின்னவள். வெளியூரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பிரேமுக்குத் தக்கபடி கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துவாள். ஒரு காலத்தில் சாப்பிடுவதை விட்டாள். கேட்டால் "இப்பதான் சாப்பிட்டேன்" என்பாள், இல்லாவிட்டால் "பசிக்கல" என்பாள். இரண்டும் பொய். வீடு நம்பியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் விழித்தது.

பிழைத்தாள். கோபித்துக்கொண்டு போன ஆள் தயங்கித் தயங்கி வாசலில் வந்து நிற்பதுபோலப் பசி திரும்பி வந்தது. வந்தால் சாப்பிடுவாள், போதும் என்று தோன்றினால் எழுந்துவிடுவாள். அவ்வளவுதான் அவளுடைய வைத்தியம்.

(பசியைக்கூடக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்காதீர்கள். கால் ஒடிந்து எழுந்தவர்கள் நடக்கவே கற்றுக்கொள்கிறார்கள்.)

3.

ஆஸ்பத்திரி டாக்டர் அவள் வீட்டாரிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். அவள் சாப்பாட்டைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது. அவளைத் தனியாகச் சாப்பிட விடக் கூடாது.

சொன்னால் சொன்னபடி நிற்கிற குடும்பம். பேச்சே எடுக்கவில்லை, தங்களுக்குள்கூட. அதில் வந்தது வினை.

விடுமுறைக்கு அவள் வந்திருந்தபோது ஒருநாள் மத்தியானம் வீட்டில் விருந்து. அன்று காலையில் அம்மா இரண்டு தட்டில் ரொட்டியும் முட்டையும் வைத்து அவளோடு உட்கார்ந்தாள். சாப்பிட்டாள், பசித்தது. அம்மா குளிக்கப் போனதும் அத்தை (பஞ்சு அம்மாளேதான்) பின்கட்டுக்குக் கூப்பிட்டார். அங்கேயும் இரண்டு தட்டு.

"உனக்காக இல்லடி. தனியா தின்னா எனக்கு எறங்க மாட்டேங்குது."

இப்போதுதான் அம்மாவோடு சாப்பிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வார்த்தைக்கு வார்த்தை அது அவளுடைய பழைய பொய். கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

பிறகு அண்ணன். பஸ் ஓட்டுகிறவன், வீட்டுக்குள் ஒட்டாதவன். ஒரு சுற்று போய்வரலாம் என்று கூட்டிப்போய்க் கடையில் ஆளுக்கொரு தட்டு சொன்னான். தங்கைக்குத் துணையாகத் தானும் வியர்க்க வியர்க்கத் தின்றான். அத்தை வீட்டில் இப்படித்தான் தானும் தின்று வந்திருந்தானோ என்னவோ…

(இல்லை. அத்தை அதே வீட்டில்தானே இருக்கிறார். எனக்குத் தூக்கம் வருகிறது, அதுதான்.)

திரும்பி வந்து கைகழுவும்போது அவளுக்குள் ஒரு பழைய குரல் பேசியது: நாளைக்கு ஒண்ணும் வேண்டாம். மறுநாளும் வேண்டாம். சரியாப்போயிடும். அந்தக் குரலைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. இன்னொரு தட்டுக்கு உட்கார்ந்தால் அது போகாது, குடியேறிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

4.

அம்மாவை என்னால் சரியாக எழுத முடியவில்லை. முதலில் அவளை அதட்டுகிறவளாக எழுதினேன். கதை சுலபமாக ஓடியது, அதனாலேயே சந்தேகம் வந்து கிழித்தேன். ஒருமுறை நம்பி மகளைப் பறிகொடுக்கப் பார்த்தவள் அவள். அதற்குமேல் எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

விருந்துக்கு எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. அம்மா கரண்டியை எடுத்தாள்.

"அம்மா, எனக்குப் பசிக்கல."



"பசிக்கலையா" என்றாள் அம்மா.

"நெஜமா பசிக்கல மா. சாயங்காலம் பசிச்சா நானே போட்டுக்கறேன்."

இந்த இடத்தில்தான் பஞ்சு அம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள்.

5.

ஒரு முடிவு: அம்மா கண்கலங்குகிறாள், மகள் தட்டை நீட்டுகிறாள், எல்லோருக்கும் நிம்மதி. பழைய குரலுக்கும்தான். இதை எழுதவே எனக்குப் பயம்.

இன்னொன்று: அண்ணன் சிரிக்கிறான். "எப்படிப் பசிக்கும்? எங்கூட ஒரு தட்டு தின்னாச்சு." அத்தை விழிக்கிறார். ஒவ்வொருவராக உண்மையை உடைக்கிறார்கள், வீடே சிரிக்கிறது. நல்ல முடிவு, உங்களுக்குப் பிடிக்கும். எழுதியும் வைத்தேன். ஆனால் அங்கே வீடு அண்ணனைத்தான் நம்புகிறது. சாட்சி இல்லாத நாளில் அவள் என்ன செய்வாள்?

ஆகவே அண்ணனையும் அத்தையையும் வாய்திறக்க விடாமல் நிறுத்தியிருக்கிறேன். கரண்டி மேலே நிற்கிறது, அதிலிருந்து ஆவி போகிறது. அம்மா தட்டைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தைப் பார்க்கிறாள். மகளும் பார்வையை எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் பொய்யாகிவிடும்.

இதற்கு மேல் என் கை போகவில்லை. கரண்டியை எந்தப் பக்கம் இறக்குவது என்று நீங்கள் சொல்லுங்கள். அவசரமில்லை, வீட்டுக்குப் போய் யோசியுங்கள்.

நன்றாக இருங்கள். உங்கள் வீட்டில் கேட்டவருக்குக் கிடைக்கட்டும். போதும் என்று சொன்னவரை, அடுத்த வார்த்தை கேட்காமல் நம்பட்டும்.