மூன்றாவது கசிவு

வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அட்டை புதிது, கியர்பாக்ஸில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலும் மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இப்போதுதான் கொண்டுவந்து கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அதற்குள் சளி பிடித்த குழந்தையின் மூக்கு மாதிரி விடாமல் ஒழுகியது.

அந்த அட்டையை உருவி இரண்டு பேர் முகத்திலும் தேய்த்துவிடலாம் போல் இருந்தது அவளுக்கு.

இரண்டு பேரும் அடியில்தான் மல்லாந்து கிடந்தார்கள். ஒருவர் அவளுடைய கணவர், லேத் பட்டறைக்காரர். இன்னொருவன் அவள் கூடப்பிறந்த தம்பி, பஸ் டிப்போவில் மெக்கானிக். இருவருக்கும் நான்கு வருஷமாகப் பேச்சு கிடையாது. தம்பி புது வீடு கட்டிக் குடிபோன அன்று, லேத்துக்காரர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வாசல் நிலையில் வைத்துப் பார்த்து, வந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி "கோணல்" என்றார். அன்றோடு சரி.

இவள் மேலே, வண்டிக்குள் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். தரைவிரிப்பைச் சுருட்டி, நடுவிலிருக்கும் தகட்டு மூடியைக் கழற்றினால் கியர்பாக்ஸின் முதுகு தெரியும். அந்த வேலையை அவள் வேறு யாரையும் செய்யவிடுவதில்லை. விரிப்பும் சீட்டும் அவள் கையால் தைத்தவை. கார் சீட் தைப்பதுதான் அவள் தொழில். யாரோ ஒரு டாக்டரின் கொட்டகையில் கோழிகள் குடியிருந்த இந்த அறுபது வருஷத்து வண்டியைக் கண்டுபிடித்தவளும் அவள்தான், வாங்கியவளும் அவள்தான்.

ஆனால், "மூணாவது தடவையும் ஒழுகினா வித்துடணும்" என்று கணவர் சொன்னபோது தலையை ஆட்டித் தொலைத்திருந்தாள். வண்டியை விலைக்கு வாங்க, கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர் நான்கு மணிக்கு வருகிறார். போனிலேயே, "உள்ள இருக்கிற சீட்டைப் பிச்சு எறிஞ்சுட்டு வெள்ளை ரெக்ஸின் அடிச்சுக்கறேன்மா" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் அவள் போனைப் பட்டென்று வைத்திருந்தாள்.

கீழேயிருந்து கணவர் குரல் வந்தது. "உன் தம்பிகிட்டச் சொல்லு. சுத்தியால தட்டி இறக்கறதுக்கு இது பஸ் டயர் இல்லை. சீல் நேரா உக்காரணும்."

"அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு. அவர் போட்ட சீல் ஒரு மாசம் நின்னுச்சு. நான் போட்டது ரெண்டு மாசம் நின்னுச்சு."

"ரெண்டு மாசமாம்! மெடல் வாங்கிக் குத்திக்கச் சொல்லு."

"இந்தத் தடவை ரசமட்டம் வச்சுப் போடச் சொல்லுக்கா. மட்டமா ஒழுகும்."

இரண்டு தலைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிகூட இல்லை.

"நான் என்ன தபால்காரியா?" என்று கத்தினாள். "வாய் பக்கத்துல காது இருக்கு. நேரா பேசித் தொலைங்களேன்! ரெண்டு பெரிய மேதைங்க, ஆளுக்கு ஒரு தடவை இறக்கி ஏத்தியாச்சு. ஒரு சொட்டை நிறுத்தத் துப்பில்லை. என் வண்டி போகப்போகுது, இங்க பட்டிமன்றம் நடக்குது."

அவள் மூடித் தகட்டைத் தூக்கி ஓரமாக எறிந்தாள். கியர்பாக்ஸின் முதுகிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தாள். அழுக்கு போக, வெள்ளி நிறம் பளபளத்தது. வண்டியை வாங்கிய புதிதில், ஒழுக ஆரம்பிக்கும் முன், கியர்பாக்ஸை வெளியே எடுத்திருந்தபோது அவளே ஆசை ஆசையாக இரண்டு கோட்டிங் அடித்த பெயிண்ட்.

கியர் கம்பிக்குப் பக்கத்தில் மிளகளவில் ஒரு மேடு இருந்தது. அதன் உச்சியில் சின்னதாக ஒரு குழி. குழியின் வாயை பெயிண்ட் தோல் மாதிரி மூடியிருந்தது.

அவள் கை நின்றது.

ரெக்ஸின் குஷன் தைக்கும்போது அடியில் இரண்டு ஓட்டை போட்டுப் பித்தளைக் கண் வைக்காமல் அவள் விடமாட்டாள். காற்று போக வழி இல்லாவிட்டால், தடிமனான ஆள் ஒருவர் தொப்பென்று உட்கார்ந்ததும் தையல் விட்டுவிடும். நூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி, தைத்தவள் எவ்வளவு கைகாரியாக இருந்தாலும் சரி. கியர் ஓடினால் எண்ணெய் சூடாகும். உள்ளே காற்று உப்பும். மேலே போக வழியில்லாத காற்று, எண்ணெயை எங்கே தள்ளும்?

சட்டைக் காலரில் குத்தியிருந்த தடித்த ஊசியை எடுத்துக் குழியில் குத்தினாள்.

புஸ்ஸென்று சீறியது. சூடான எண்ணெய்ப் புகை அவள் மூக்குக் கண்ணாடியில் படிந்தது.

"என்னது, பாம்பா?" என்றான் தம்பி.

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. மாதக்கணக்காக இந்த இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். சோறு போடும்போதுகூட, "சீல் போடத் தெரியல, ரசம் மட்டும் நல்லா ஊத்திக்கத் தெரியுது" என்று சொல்லியிருக்கிறாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சீல்தான் கோளாறு என்று இவர்கள் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துப் போட்டால், நாலு மணிக்கு வருகிறவர் பார்க்கப்போவது மூன்றாம் தடவையாக ஒழுகிய வண்டி. பேச்சு பேச்சுதான் என்பார் கணவர்.

"ஸ்பானரைக் கீழ வைங்க ரெண்டு பேரும்," என்றாள். "சீல்ல ஒண்ணும் இல்லை. காத்துப் போற ஓட்டை அடைச்சிருந்துச்சு. பெயிண்ட். நான்தான் அடிச்சேன். இப்ப என்னங்கறீங்க?"

கீழேயிருந்து கணவர் இருமுவது போல் ஒரு சத்தம். இருமல் இல்லை, சிரிப்பு.

"மாப்ள," என்றார் அவர். "ஒரு வருஷத்துக்கு உண்டான திட்டு வாங்கிட்டோமே."

"உங்களுக்காவது வீட்டோட போச்சு மாமா. என்னை டிப்போ வாசல்ல நிக்கவச்சுல்ல திட்டுச்சு!"

நான்கு வருஷம் கழித்து இரண்டு பேரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. "சிரிங்க, நல்லா சிரிங்க. ரெண்டு தடவை இதைக் கையில தூக்கிப் பார்த்தவங்கதானே? மெக்கானிக்காம், லேத்தாம்! இருக்க வேண்டிய ஓட்டை இல்லைன்னு ஒருத்தர் கண்ணுக்காவது தெரிஞ்சுதா?"

இருவரும் அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார்கள்.

ஊசியால் குழியைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்தாள். வண்டியை இறக்கி, மூடியைக்கூடப் போடாமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இருவரும் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். அதே அரை மணி நேரம், அதே ரோடு. திறந்த கியர்பாக்ஸின் வெக்கை அவள் காலைப் பொசுக்கியது. பின்சீட்டில், எந்தச் சீல் ஒழுங்காக உட்கார்ந்தது என்று இப்போது நேருக்கு நேராகவே சண்டை நடந்தது.

திரும்பி வந்தபோது வாடகைக் கார்காரர் வாசலில் நின்றிருந்தார். சீட் அளக்கக் கையில் டேப்பும் கொண்டுவந்திருந்தார். லேத்துக்காரர் புது அட்டை ஒன்றை வண்டிக்கு அடியில் தள்ளினார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

ஒரு சொட்டு விழுந்தது.

"அது பழசு மாமா. உள்ள தேங்கி இருந்தது வடியுது."

"சொட்டு சொட்டுதான் மாப்ள. விழுந்தா விக்கறதுன்னு பேச்சு. நானா சொல்றேன்? அவதானே தலையாட்டினா?"

"அப்ப காரணம் தெரியலை இல்ல?"

"காரணம் தெரிஞ்சா சொட்டு மேல ஏறிடுமா?"

அவள் நிமிர்ந்தாள். தான் தேடிப் பிடித்து, தான் வாங்கி, கோழி எச்சத்தைச் சுரண்டி, விரல் கன்றிப்போகத் தைத்த வண்டி. அதை வைத்துக்கொள்ள ஒரு சொட்டு எண்ணெயிடம் அனுமதி கேட்டுக்கொண்டு குனிந்து நிற்கிறாள்.

வாடகைக் கார்காரர் லேத்துக்காரரைப் பார்த்து, "என்ன சார், முடிச்சுக்கலாமா?" என்றார்.

"அவரை ஏன் கேக்கறீங்க?" என்றாள் அவள். "வண்டி என்னோடது. விக்கலை. ஒழுகினாலும் விக்கலை. தினம் ஒரு படி ஒழுகினாலும் விக்கலை. டேப்பைச் சுருட்டிப் பையில வைங்க."

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு போனார். கணவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் மண்ணெண்ணெய்த் துணியை அவர் நெஞ்சில் விட்டெறிந்தாள்.

"உள்ள தேங்கினது இன்னும் இருக்காம்ல? ரெண்டு பேரும் அடியில போய்ப் படுத்துத் துடைங்க. பேசிக்கிட்டே துடைங்க."