தபால் நிலையத்துக்கு வந்த மறுப்பு

அமெரிக்க செனட்டின் பதவிக்காலம் முடியும் கடைசி நாள் காலையில் மறுப்புப் பட்டியலைப் பார்த்த ஜோலீன் ஹாஸ்கெட், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். செனட்டர் தாலேயரின் உதவியாளராக அவள் நான்கு ஆண்டுகள் உழைத்து எழுதிய மசோதாவின் எதிரே யாருடைய மறுப்பும் இல்லை.

நட்பு நாடுகளுக்குப் படைத்தளவாடங்கள் விற்பதில் உள்ள தாமதத்தைக் குறைக்கும் மசோதா அது. ஒரு தீவு நாட்டில், புயலில் சிக்கியவர்களைத் தூக்கிவரும் ஹெலிகாப்டர்கள், ஒரு பல்சக்கரத்துக்கு அனுமதி வராமல் பதினான்கு மாதமாகக் கொட்டகையில் கிடந்தன. இன்று நிறைவேறாவிட்டால் மசோதா செத்தது. புது அவையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கடைசி நாளில் வாக்கெடுக்க நேரமிருக்காது. "மறுப்பு உண்டா?" என்று அவைத்தலைவர் கேட்பார். நூறு பேரில் ஒருவர் வாய் திறந்தாலும் போயிற்று. மறுக்கப் போகிறவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுவது வழக்கம். செனட்டர் ஆஸ்ட்பி சொல்லாமல் இருக்க மாட்டார். தவறான கைக்குப் போன துப்பாக்கி திரும்பி வராது, தாமதம்தான் காவல் என்று நம்புகிறவர் அவர்.

ஜோலீன் பட்டியலில் கீழே போனாள். காலமான பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் பெயரைத் தபால் நிலையத்துக்குச் சூட்டும் மசோதா. அதன் எதிரே ஆஸ்ட்பியின் மறுப்பு இருந்தது. யாரோ எண்ணை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

உணவகத்தில் பீன்ஸ் சூப்பை வாங்கி வைத்துக்கொண்டு, வழக்கம்போல் கடவுளுக்கு நன்றி சொல்லத் தலை குனிந்தாள். எதற்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கிண்ணத்தை அப்படியே விட்டு எழுந்து ஆஸ்ட்பியின் அலுவலகத்துக்குப் போனாள்.

ஆஸ்ட்பியின் உதவியாளன் டோபியாஸ் ரெங்க் வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"என்னப்பா டோபி, அந்த டிரைவர் உங்க செனட்டரை ஏத்தாம பஸ்ஸை எடுத்துட்டாரா?"

சிரித்துக்கொண்டே பட்டியலை வாங்கியவனின் முகம் வெளுத்தது. "இது உங்க மசோதாவுக்குப் போட வேண்டியது. நீங்க பேசாம இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம்தான். சூப் இறங்கல."

"என் வேலை போயிடும், ஜோலீன்."

"நீயே போய்ச் சொல்லு. நான் கூட வரேன்."

செனட்டர் ஆஸ்ட்பி இருவரும் சொன்னதை முழுதாகக் கேட்டார். டோபியை ஒரு சொல் சொல்லவில்லை.

"தாலேயருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல சார். திட்டுவார்."

"நான்னா இதுக்குள்ள திட்டி முடிச்சிருப்பேன்." மேசையைத் தட்டி யோசித்தார். "மசோதாவைக் கொடும்மா. இதுவரைக்கும் எதிர்க்கறதுக்காகத்தான் படிச்சேன்."

அரை மணி நேரம் பென்சிலோடு படித்தார். "சுடற சாமானுக்கு இப்ப இருக்கற காவல் அப்படியே இருக்கட்டும். உதிரிபாகம், மருத்துவச் சாமான், மீட்பு வண்டி, இதெல்லாம் உடனே போகட்டும். உங்காளு ஒத்துக்குவாரா?"

ஜோலீன் தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். தாலேயரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. பிறகு தணிந்தது.

"பல்சக்கரம் போகுமா?"

"போகும் சார்."

"அப்ப சரி. மிச்சத் திட்டு நாளைக்கு."

தபால் நிலையத்தின் எதிரே இருந்த மறுப்பை டோபி நீக்கச் சொன்னான். திருத்தத்தை ஏற்பதாகக் கீழவையிலிருந்தும் மூன்று மணிக்குத் தகவல் வந்தது.

நான்கு மணிக்கு ஜோலீன் அவையின் சுவரோர இருக்கையில் டோபிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவைத்தலைவர் மசோதாவின் எண்ணைப் படித்தார்.

"மறுப்பு உண்டா?"

ஆஸ்ட்பி தம் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெரிய மண்டபத்தில் ஒரு தாள்கூட அசையவில்லை. இத்தனை ஆண்டுகளில் அவள் நூற்றுக்கணக்கான முறை கேட்டுப் பழகிய மௌனம்தான். ஆனால் கோயிலில் நிற்பதுபோல் அவளுக்கு இன்று மேனி சிலிர்த்தது. தடுக்கும் வல்லமை முழுக்கக் கையில் இருந்தும் ஒரு மனிதர் சும்மா நிற்கிறார். அந்த இடைவெளி வழியாகக் கடலுக்கு அப்பால் யாரோ ஒருவர் உயிரோடு மேலே தூக்கப்படப் போகிறார். டோபி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மறுப்பு இல்லை. நிறைவேறியது."

ஆஸ்ட்பி உட்கார்ந்தார்.