இரண்டாவது ஐந்தாம் வகுப்பு

மகள் ஐந்தாம் வகுப்பை ஏற்கெனவே ஒருமுறை முடித்தவள். முதல் ரேங்க்கோடு முடித்தவள். அப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு வந்து, அமெரிக்கப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளியில் சேர்த்தபோது அவளை மறுபடியும் ஐந்திலேயே உட்கார வைத்தார்கள். பிறந்த மாதம் இடிக்கிறது என்றார்கள். செப்டம்பருக்கு முன்னால் என்றால் ஆறு, பின்னால் என்றால் ஐந்து. அவள் நவம்பர்.

"மூணு மாசம் முன்னாடி பொறந்திருக்கக் கூடாதா?" என்றான் அப்பா.

"அம்மாவைக் கேளுங்க," என்றாள் மகள்.

அவன் லிஃப்ட் இன்ஜினியர். நடுவில் எங்கேயாவது நின்றுபோன லிஃப்ட் என்றாலே அவனுக்குக் கை பரபரக்கும். மகள் ஐந்தில் நிற்பதையும் அவன் அப்படித்தான் பார்த்தான். போதாக்குறைக்கு மனைவியின் அண்ணன் வாராவாரம் போன் செய்தார். அவருடைய மகனும் இவளும் ஒரே நாளில் பள்ளியில் சேர்ந்தவர்கள். அவன் இப்போது ஆறு.

"என்ன மாப்ள, மருமக இன்னும் அஞ்சுலயேதான் குடியிருக்காளா? காலி பண்ண மாட்டேங்கிறாளா?"

"பாத்துக்கிட்டிருக்கேன் மச்சான்."

"பாருங்க பாருங்க. ஃபெயிலாயிட்டாளான்னு நாலு பேர் கேக்கிறாங்க. நான்தான் சமாளிக்கிறேன்."

நாலு பேரும் அவரேதான் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் உறைத்தது.

பள்ளிக்கு விடாமல் எழுதினான். கடைசியில் அவர்கள் இறங்கி வந்தார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்ததும் அவளை ஆறுக்கு மாற்றலாம். ஆனால், பெற்றோர் சந்திப்பில் மகளும் கூட உட்கார்ந்து பேசி, குடும்பமாக ஒரு முடிவுக்கு வர வேண்டும். அன்று சொல்வதுதான் முடிவு.

அவனுக்குத் தெரிந்த பெற்றோர் சந்திப்பில் டீச்சர் பேசுவார், பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இங்கே தலைகீழ். பிள்ளைதான் கூட்டத்தை நடத்தும். என்ன வருகிறது, என்ன வரவில்லை என்று பிள்ளையே சொல்லும். டீச்சர் ஓரமாக வாயைத் திறக்காமல் இருப்பார். அவனுக்கு இது வசதியாகப் பட்டது. பிள்ளைதான் பேசப்போகிறது என்றால் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் ஆயிற்று.

எழுதிக் கொடுத்தான். நல்ல இங்கிலீஷ். மதிப்புக்குரிய டீச்சர் அவர்களே என்று ஆரம்பித்து, பகுத்தறியும் திறன், போட்டி மனப்பான்மை எல்லாவற்றையும் தொட்டு, ஆகவே என்னை ஆறாம் வகுப்புக்கு உயர்த்துமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடிந்தது.

"லிஃப்ட்டுக்கு உதிரி பாகம் கேட்டு எழுதின மாதிரி இருக்கு," என்றாள் மனைவி. "அவளையே பேச விட்டா என்ன? வீட்டுல வாய் ஓயறதே இல்ல."

வீட்டில் மகளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"இவ வாய்க்கு விட்டா ஊர்க்கதை எல்லாம் சொல்லிட்டு, கேக்க வேண்டியதைக் கேக்காம வந்துடுவா," என்றான்.

ரேடியோ ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிட்டாள். நடுவில் எந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாலும் அங்கிருந்து தொடர்ந்தாள். மனப்பாடம் அவளுக்குக் கைவந்த விஷயம்.

பள்ளி அனுப்பிய அழைப்பில் ஒரு வரி இருந்தது. பிள்ளை வீட்டில் பேசும் மொழியிலேயே பேசும். அவன் அதைப் படித்திருந்தான். இங்கிலீஷ் வராத குடும்பங்களுக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான்.

வகுப்பறையில் பெரியவர்கள் உட்காரும் நாற்காலியே இல்லை. அவன் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்தான். மனைவி புடவையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தரையில் ஒரு வட்டக் கம்பளம். சுவரில் பிள்ளைகள் மடித்து ஒட்டிய காகிதங்கள், பாதி, கால், அரைக்கால் என்று வண்ணம் அடித்தவை. டீச்சர் உயரமான பெண், காலில் ஓட்டத்துக்குப் போடும் ஷூ. ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

மகள் எழுந்து நின்றாள். "ரெஸ்பெக்டட் டீச்சர்—"

டீச்சர் சிரித்தபடி கையைத் தூக்கினார். உன் இங்கிலீஷை நான் தினமும் கேட்கிறேன், இன்று வீட்டில் பேசுவது மாதிரி அவர்களிடம் பேசு என்றார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். எங்களுக்கு இங்கிலீஷே போதும் என்றான் அவன் டீச்சரிடம். தெரியும், ஆனால் எல்லோருக்கும் இங்கே இப்படித்தான் என்றார் அவர். சிரிப்பு அப்படியே இருந்தது.

"மதிப்புக்குரிய..." என்று தமிழில் ஆரம்பித்தாள் மகள். நின்றாள். "அப்பா, போட்டி மனப்பான்மைக்கு அப்புறம் வர்றதெல்லாம் தமிழ்ல எனக்குத் தெரியாதுப்பா. சும்மா சொல்லட்டா?"

"சொல்லுடி," என்றாள் மனைவி.

மகள் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் இங்க வந்து ரொம்ப நாள் பேசவே இல்ல."

"யாரு, நீயா?" மனைவி சிரித்துவிட்டாள்.

"ஆமாம்மா. டீச்சர் கேட்டா தலையாட்டுவேன். சாப்பிடறப்பவும் பேச மாட்டேன். பேசினா வேற மாதிரி கேக்குது, எல்லாரும் திரும்பிப் பாக்கிறாங்க."

மனைவியின் சிரிப்பு நின்றது. "வீட்டுல அவ்வளவு பேசினியேடி."

"இங்க பேசாததெல்லாம் சேந்துடும்ல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கூட்டத்தை நடத்துகிறவள் மகள். அவள் கையைக் காட்டி அவனை இருக்கச் சொன்னாள், டீச்சர் காட்டியதைப் போலவே.

"கணக்குல எனக்கு விடை டக்குனு வந்துடும்பா. அது எப்படி வந்துச்சுன்னு டீச்சர் கேப்பாங்க. தெரியாது. பின்னத்துல மேலயும் கீழயும் ரெண்டால வகுக்கணும்னுதான் தெரியும். ஏன் வகுக்கிறோம்னு தெரியாது. அப்புறம் காகிதம் மடிச்சோம். அந்தப் பச்சை என்னுது." சுவரைக் காட்டினாள். "அதை மடிச்சப்பதான் புரிஞ்சுது. புரிஞ்சதும் வாய் தவறிச் சத்தமாச் சொல்லிட்டேன். அன்னைக்குத்தான் முதல்ல பேசினது. பக்கத்துல இருக்கிறவ, நீ பேசுவியான்னு கேட்டா. இப்ப ரெண்டு பேரும் சேந்துதான் சாப்பிடறோம்."

"அதெல்லாம் சரி," என்றான் அவன். "ஆறாவது?"

"ஆறாம் வகுப்பு மேல மாடியில இருக்கு. மணி அடிச்சா ரூம் மாறணும். ஒவ்வொரு ரூம்லயும் வேற வேற டீச்சர்." சுண்டு விரல் நகத்தைக் கடித்தாள். "போகச் சொன்னா போறேன்பா. ஆனா, திரும்பவும் முதல்லேருந்து பேசாம இருக்கணும்."

அவ்வளவுதான். அழவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் எழுந்து வந்தார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, புரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு என்றார். இப்போது அப்பா, மகளிடமிருந்து கேட்டதை எனக்குச் சொல்ல வேண்டும். பிறகு உங்கள் முடிவு.

டீச்சருக்குத் தமிழ் தெரியாது. மனைவி அவனைத் தாண்டிப் பேச மாட்டாள். மகள் மறுத்துப் பேசினால்தான் உண்டு, அவளோ தலையைக் குனிந்திருந்தாள். எழுதிக் கொடுத்தது அவனுக்கும் மனப்பாடம்தான். எழுதியவன் அவன்.

"மை டாட்டர்," என்று ஆரம்பித்தான். பகுத்தறியும் திறன் என்பதற்கு அவன் போட்டிருந்த இங்கிலீஷ் வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மகள் தலையைத் தூக்கவில்லை. ஆனால் நகம் கடிப்பதை நிறுத்தியிருந்தாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் எந்த இங்கிலீஷில் சொன்னாலும் ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரியும்.

மனைவி அவன் பக்கம் திரும்பாமலே, "ஏங்க," என்றாள்.

அவன் சுவரில் இருந்த பச்சைக் காகிதத்தைப் பார்த்தான். எட்டாக மடித்தது. மடிப்பு கொஞ்சம் கோணல்.

அவள் இங்கே இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறாள் என்றான் டீச்சரிடம். மாடிக்கு அடுத்த வருடம் வருவாள். இவ்வளவையும் சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தது. இங்கிலீஷ் தட்டுத் தடுமாறி வந்தது. எழுதி வைத்தது போல் இல்லை.

நன்றி என்றார் டீச்சர். அவனிடம் இல்லை, மகளிடம்.

வண்டியில் ஏறிச் சிக்னலுக்கு வருவதற்குள் போன் அடித்தது. மச்சான். ஸ்பீக்கரில் போட்டான்.

"என்ன மாப்ள, முடிஞ்சுதா? ஆறுதானே?"

"அஞ்சு."

"போன வருஷமும் அஞ்சுதானே மாப்ள."

"ஆமா மச்சான்."

"ஃபெயிலா?"

"இல்ல."

"அப்ப கேக்கிறவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்றது?"

பின் சீட்டிலிருந்து மகள் தலையை நீட்டினாள். "மாமா, பின்னத்துல மேலயும் கீழயும் ரெண்டால வகுக்கிறோமே, ஏன்னு தெரியுமா உங்களுக்கு?"

"என்ன ரெண்டு?"

"கணக்குல மாமா. சொல்லட்டுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள். ஒரு காகிதம் எடுத்துக்கோங்க மாமா, பாதியா மடிங்க என்றாள். காகிதம் தேடுகிறேன் என்றார் அவர். சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"மடிச்சாச்சா மாமா?"

"இரும்மா, இரு. கண்ணாடியக் காணோம்."

அவன் வண்டியை எடுத்தான்.