மண்புழுவுக்கு அன்னதானம்

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், ஆதி அண்ணாமலையார் கோயிலைத் தாண்டியதும் கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. வீட்டுக்கும் பாதைக்கும் நடுவில் ஒரு சிமெண்ட் ஷீட் கொட்டகை. முன்பு அதில் மாடு கட்டியிருந்தோம். மாட்டை விற்ற பிறகு கொட்டகை சும்மா கிடந்தது. வேளாண் பயிற்சிக்குப் போய் வந்த நான், அதில் கல் வைத்து இரண்டு தொட்டி கட்டி, ஒன்றில் மண்புழு உரம் போட ஆரம்பித்தேன். சாணி பக்கத்து வீட்டில் கிடைக்கும். டவுனில் ஷேர் ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் பூக்கடைகளில் மிஞ்சிய வாடல் பூவை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்.

மாமனார் சகாதேவன் தொட்டி கட்டும்போதே ஒரு பேச்சு பேசிவிட்டார். கார்த்திகை தீபம் வரைக்கும் பார், உரம் தயாராகி விலை போனால் சரி, இல்லையென்றால் கொட்டகையைக் காலி செய்து கொடு, செருப்பு ஸ்டாண்டு போட்டுவிடலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கோயிலுக்குள் போகிறவர்கள் செருப்பை விட இடம் தேடி எங்கள் வாசலில்தான் நிற்பார்கள். செங்கம் ரோட்டில் விடுதித் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் இளவரசன் உரம் வந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்ததால், நானும் தைரியமாகத் தலையாட்டிவிட்டேன்.

மாமியார் தங்கம்மாளுக்குத் தொட்டியைக் கண்டாலே ஆகாது. கொட்டகைக்குள் கால் வைக்க மாட்டார். என் மகள் கவியா ராத்திரியில் பின்பக்கம் சொறிந்துகொண்டு தூங்காமல் அழுதபோது, வயிற்றில் பூச்சி, எல்லாம் அந்தத் தொட்டியால் வந்தது என்றார். அது வேறு, இது வேறு, அது அழுக்கு நகத்தின் வழியாக வயிற்றுக்குப் போவது, இது மண்ணை விட்டால் பிழைக்காதது என்று எடுத்துச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். அத்தை வேப்பங்கொழுந்தை அரைத்து உருண்டை பிடித்துக் கொடுத்தார். மாத்திரையால் போயிற்று என்று நானும், வேப்பங்கொழுந்தால் போயிற்று என்று அவரும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு நாள் சாயங்காலம் நான் தொட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அத்தை கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"பாவம் பண்ணவங்கதான் புழுவாப் பொறக்கறாங்கன்னு சொல்றாங்க. இதுங்க யாரோ, எந்த ஊரோ."

"கண்டிப்பா நம்ம ஊர் ஆளுங்க கெடையாது அத்தை. சாணிய அள்ளிப் போட்டா வாயத் தொறக்காம வேலை செய்யுதுங்களே" என்றேன்.

அத்தை சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அருவருப்பு போய்விட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

ஐப்பசி பௌர்ணமி வந்தது. அன்றைக்குத்தான் சாமிக்கு அன்னாபிஷேகம். லிங்கத்தின் மேல் சாத்தும் சோற்றை மீனும் மற்ற உயிர்களும் தின்னட்டும் என்று தண்ணீரில் கரைப்பது வழக்கம். எங்கள் தெருவில் மாமாவும் நாலைந்து பேரும் சேர்ந்து, பாதையில் நடக்கிறவர்களுக்குப் புளிசாதம் செய்து போடுவார்கள். அந்தத் தடவை பொழுது சாய்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் கம்மி. அரை அன்னக்கூடை சாதம் மிஞ்சிவிட்டது.

மறுநாள் காலையில் தண்ணீர் தெளிக்கப் போன நான், தொட்டியின் மேல் போர்த்தியிருந்த ஈரச் சாக்கில் ஒரு சாமந்திப் பூ இருப்பதைப் பார்த்தேன். சாக்கைத் தூக்கினால் அடியில் தொட்டி முழுக்கப் புளிசாதம். மூலை முடுக்கு விடாமல் ஒரே சீராகப் பரப்பியிருந்தது. புழுக்கள் கொத்துக் கொத்தாகச் சுவரில் ஏறி நின்றன. சில கீழே விழுந்து தரையில் கிடந்தன. சாதத்தைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். அதற்கடியில் இருந்தவை சுருங்கி, மஞ்சள் நீர் கக்கிச் செத்துக் கிடந்தன.

யார் கொட்டியது என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தேன். நான்தான் என்று அத்தை முன்னால் வந்தார். அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"அபிஷேக சோத்த மீனுக்குப் போடறாங்க இல்ல? மீனுக்கு ஒரு நியாயம், புழுவுக்கு ஒரு நியாயமா? அதுங்களும் சாமி பேரச் சொல்லி ஒரு வேளை துன்னட்டும், அடுத்த பொறப்பாச்சும் நல்லபடியா கெடைக்கட்டும்னுதான் போட்டேன்."

வாய் வரைக்கும் வந்த கோபத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் தொட்டியைத் தொடாதவர், முதல் தடவையாக அவற்றை உயிராக நினைத்துச் செய்த காரியம் அது.

"அபிஷேக சோத்துல உப்பு போட மாட்டாங்க அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

அத்தை கொட்டகைக்குள் போய்த் தொட்டியைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறும் கையைத் தொட்டிக்குள் விட்டார்.

சாதத்தை வழித்துக் கூடை கூடையாக அவர் வெளியே எடுத்தார். நான் சுவரில் இருந்த புழுக்களைப் பொறுக்கி, காலியாக இருந்த பக்கத்துத் தொட்டியில் ஆறிய சாணியைப் போட்டு அதில் விட்டேன். ஓஸ் பைப்பைப் பிடித்து, அடி ஓட்டை வழியாகப் புளிப்பு வாடை போகும்வரை பழைய தொட்டியை அலசினோம். ஓடிய தண்ணீரில் தப்பியவற்றைக்கூட அத்தை குனிந்து பொறுக்கினார். பாதிக்குமேல் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. தீபத்துக்குள் உரம் வராது என்பதும் தெரிந்தது.

மாமாவிடம் அன்றைக்கே சொன்னேன். தை மாதம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, ஆனால் தீபம் என்று பேசினது பேசினதுதான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு எழுந்துபோனார். அந்த வாரமே ஆசாரி கோபியிடம் செருப்பு ஸ்டாண்டுக்குப் பலகை அடிக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

அத்தை அதற்குப் பிறகு காலையும் மாலையும் கொட்டகையில்தான் இருந்தார். சாணியை ஒரு பிடி எடுத்துப் பிழிந்து ஈரம் பார்ப்பார். எறும்பு வராமல் தொட்டியைச் சுற்றித் தண்ணீர் கட்டி வைப்பார். தெரியாமல் நடந்தது, உப்புதான் கொன்றது, இதில் பாவம் ஒன்றும் கிடையாது என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் அடுத்த பிடி சாணியை எடுத்துப் பிழிவார். மாமா இருக்கும்போதும் சொல்லியிருக்கிறேன்.

தீபத்துக்குச் சில நாள் முன்பு கோபி டேப்போடு வந்தார். மாமா என்னைக் கூப்பிட்டு, தொட்டியைக் கலைத்துக் கல்லை எடுத்துவிடலாம் என்றார். அத்தை ஈரக் கையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"பௌர்ணமி அன்னிக்கு, சாமி பேரச் சொல்லி, அத்தனை உசுரக் கொன்னுட்டேன் நான். மிச்சம் இருக்கறதையும் தெருவுல வாரிக் கொட்டிட்டு, அந்த எடத்துல செருப்பு அடுக்கணுமா? அடுக்குங்க. தீபத்தன்னிக்கு என்னை மட்டும் வெளக்கேத்தச் சொல்லாதீங்க."

கோபி டேப்பைச் சுருட்டிக்கொண்டு மலையைப் பார்த்தார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"பாவமும் இல்ல ஒன்னும் இல்லன்னு நீதானம்மா இத்தினி நாளா சொல்லிக்கினு இருந்த? அதைத்தான் இப்பவும் சொல்லேன்."

பயிற்சியில் படித்தது, அத்தையிடம் சொன்னது எல்லாம் நினைவுக்கு வந்தன. அத்தை என்னைப் பார்க்கவில்லை. தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியலீங்க மாமா" என்றேன்.

மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் திரும்பவும் கட்டினார். பிறகு கோபியை வெளியே கூட்டிப்போய், கொட்டகையின் முன்சுவரை ஒட்டி எத்தனை தட்டு வரும் என்று பார்க்கச் சொன்னார். உள்ளே இருக்கிறது உள்ளேயே இருக்கட்டும், ஆனால் தைக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று என்னிடம் சொன்னார்.

தீபத்தன்று வெளியே செருப்பு வைக்க இடம் போதவில்லை. மாமாவும் என் வீட்டுக்காரரும் டோக்கன் கொடுத்தே களைத்துப்போனார்கள். சாயங்காலம் மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் பாதையில் நடந்தவர்கள் அப்படியே நின்று கும்பிட்டார்கள். அத்தை வாசலில் விளக்கேற்றி, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, நேராகக் கொட்டகைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தேன். அவர் உள்ளங்கையில் இருந்த சாணியில், நூல் துண்டு மாதிரி வெள்ளையாகக் குட்டிப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

விளக்கேற்றின கை ஆச்சே, எண்ணெய் இருக்குமே, புழுவுக்கு ஆகாதே அத்தை என்றேன்.

"கழுவிட்டுத்தான் தொட்டேன்" என்றார். "சோப்பு போடல."